மரத்துப்போன கால்

புத்தர் கோயில் கூடத்தில், பாய்மேல் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறோம், தலைவரைத் தவிர ஒன்பது கிராம சபை உறுப்பினர்கள். கூரையிலிருந்து உருகிய பனி சொட்டுகிறது. கரிச்சட்டியில் தணல் வெடிக்கும்போதெல்லாம் யாராவது திடுக்கிடுகிறார்கள். எங்கள் கிராமத்தைக் கீழே இருக்கிற டவுனோடு சேர்த்துவிடலாமா என்பதுதான் கேள்வி. "சம்மதிக்கிறவங்க எழுந்திருங்க," என்கிறார் தலைவர் நகாஸே. ஐந்து பேர் எழுந்தால் போதும், ஊரின் பெயர் இன்றோடு போய்விடும். நான் எழுகிறேன். எய்சாக்கு எழுகிறார். இன்னும் இரண்டு பேர். ஐந்தாவது ஆள் தோக்குஜி. தன் தெருவுக்கு டவுன்காரர்கள் பாலம் கட்டித் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, எழுந்து நிற்பேன் என்று நேற்று அண்ணன் எய்சாக்கு வீட்டில் குடித்துவிட்டுச் சத்தியம் செய்தவன். அவன் எழவில்லை. முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு பாயின் கறுப்பு ஓரத்தையே பார்க்கிறான். "எழுந்திருடா," என்று பல்லைக் கடிக்கிறார் எய்சாக்கு. "கால் மரத்துப்போச்சுண்ணா." "தூக்கி விடட்டுமா?" "தொடாதீங்க, உயிர் போகுது!" மரத்துப்போகிற காலா அது? பிறந்ததிலிருந்து மண்டியிட்டே சோறு தின்கிறவன். காகிதக் கதவுக்கு அப்பால், சேரக்கூடாது என்று வந்த ஊர் ஜனங்களின் நிழல்கள் அசையாமல் நிற்கின்றன. தலைவர் எங்களை எண்ணுகிறார், மறுபடியும் எண்ணுகிறார். இந்தக் குளிரில் தோக்குஜியின் நெற்றியில் வியர்வை. "தீர்மானம் தோத்துப்போச்சு," என்கிறார் தலைவர். அவர் வாய் மூடுவதற்குள் தோக்குஜி விருட்டென்று எழுந்து, கரிச்சட்டி வரை நடந்துபோய்க் கைகளை நீட்டிக் குளிர் காய்கிறான். "டேய், காலு?" என்கிறார் எய்சாக்கு. தோக்குஜி திரும்பவில்லை. "இப்ப தேவலைண்ணா."