வாசலில் சப்பாத்து

அந்தப் பனிநாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வகுப்புக்குள் போவார்கள். தர்சிகா மட்டும் தன்னுடையதைப் பைக்குள் போட்டு மடியிலேயே வைத்திருப்பாள். ஊரில் ஷெல் குண்டு விழுந்த நாளில் வெறுங்காலோடு ஓடியவள் அவள்.

இன்று திடீரென்று சைரன் அலறியது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு மேசைக்கடியில் குப்புறப் படுத்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரி குனிந்து கையை நீட்டினாள். தீ விபத்துக்கான ஒத்திகைதானாம். வெளியே எல்லோரும் வெறும் காலுறையோடு பனியில் துள்ளித் துள்ளிச் சிரித்தார்கள்.

மாலையில் கூட்டிப்போக வகுப்புக்கே வந்த அம்மா, மகளின் வெறும் பையைத் தடவிப் பதறினாள்.

“எங்கயடி சப்பாத்து? ஆரும் எடுத்துப்போட்டினமோ?”

“இல்லையம்மா. வாசல்ல எல்லாற்ற சப்பாத்தோடயும் கிடக்குது.”

அதை எடுக்க, தர்சிகா அவசரமே இல்லாமல் நடந்து போனாள்.