போன வருஷத்து விடுமுறை

நூலகத்தின் தகரக் கூரையில் மழை விடாமல் அடிக்கிறது. எட்டாம் வகுப்பில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. புயல் மழையால் மதியத்தோடு பள்ளி விடுமுறை என்று மேயர் பெயரில் காலையிலிருந்து கைபேசிகளில் சுற்றும் அறிவிப்பு, சுவர்த் திரையில் நிற்கிறது. "அதுக்குள்ள பையைத் தூக்கியாச்சா? முதல்ல இது நெஜமான்னு பாருங்க," என்கிறார் நூலக ஆசிரியை மிலாக்ரோஸ். "மேயரே சொல்லிட்டார், அப்புறம் என்ன மேம்?" என்று ரென்ஸோ இழுக்க, வகுப்பே சிரிக்கிறது. விடுமுறை என்றால் யார் தேதியைப் பார்க்கிறார்கள்? லிகாயா மட்டும் தன் கணினியில் படத்தைப் பெரிதாக்குகிறாள். முத்திரைக்குக் கீழே தேதி மங்கலாகத் தெரிகிறது. "இது போன வருஷத்துது, மேம்." "அடிப்பாவி, கெடுத்துட்டியே!" என்று பின்வரிசை கத்துகிறது. ஆசிரியை கைதட்டுகிறார். லிகாயா அதைக் கவனிக்கவில்லை. மேசைக்கடியில் கைபேசியைத் திறக்கிறாள். இதே அறிவிப்பைக் காலையில் அப்பாவுக்கு அனுப்பி, மதியம் வந்து கூட்டிப்போகச் சொல்லியிருந்தாள். எதிர்த்தீவில் இருக்கும் வீட்டிலிருந்து அவர் பங்கா என்னும் சிறு மரப்படகில்தான் வர வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. காலையில் அவள் கடந்து வந்த கடல் வெள்ளை வெள்ளையாகப் பொங்குகிறது. அனுப்பியதை அவசரமாக அழிக்கிறாள். அதற்குக் கீழே, அரை மணி நேரத்துக்கு முன் வந்த அப்பாவின் பதில் அப்படியே இருக்கிறது: "படகை எடுத்துட்டேன்மா. வாசல்லயே நில்லு."