கடல் பார்த்த அறை

டிராவல்ஸ் மேசையில் கப்பலின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. ஜன்னலில்லாத உள் அறைகள் சாம்பல் நிறத்திலும் பால்கனி அறைகள் நீலத்திலும் இருக்கின்றன. கணவரின் பேனா ஒரு சாம்பல் கட்டத்தைத் தட்டுகிறது. "இதையே போடும்மா. தூங்கத்தானே போறோம். விளக்க அணைச்சா எல்லா ரூமும் ஒண்ணுதான்." டிராவல்ஸ் பெண் தட்டச்சு செய்யத் தொடங்குகிறாள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருபத்தொன்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, போன வாரம்தான் ஓய்வு பெற்ற மனைவி, அந்தக் கட்டத்தையே பார்க்கிறாள். வெளியே வெயிலா மழையா என்று தெரியாத அறையைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "கொஞ்சம் இரும்மா," என்கிறாள். குரல் உயரவில்லை. "எனக்குப் பால்கனி ரூம்." கணவர் சிரிக்கிறார். "மேல்தளத்துல போய் நின்னா அதே கடல்தானே?" "நின்னு பாக்க இல்லங்க. கண்ணு முழிக்கும்போதே எதிர்ல இருக்கணும்." அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சாம்பல் கட்டத்தைத் தட்டுகிறார். அவள் கைப்பையைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து வைக்கிறாள். "அவருக்கு அந்த உள் ரூமையே போட்டுடும்மா. எனக்குத் தனியா ஒண்ணு." பேனா நின்றுவிடுகிறது. மின்விசிறிக் காற்றில் பாஸ்போர்ட்டின் அட்டை லேசாகப் படபடக்கிறது. கணவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறார், "அந்தப் பால்கனி ரூம்ல ரெண்டு பேர் தங்கலாமா?" டிராவல்ஸ் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அத அம்மாகிட்டதான் கேக்கணும் சார்."