கணுக்கால் தண்ணீர்

பறிமுதல் படகுகளை ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு எடுப்பதில் தரகரை அடிக்க ஆளில்லை. சூட்சுமம் சின்னதுதான். ஏலத்துக்கு முந்தின நாள் படகைப் பார்க்க விடுவார்கள். அப்போது, என்ஜினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீர் வரும் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை லேசாகத் தளர்த்திவிடுவார். மறுநாள் வருகிறவர்கள் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீரைப் பார்த்து, "அடி ஓட்டைப்பா" என்று நழுவிவிடுவார்கள்.

இந்த முறையும் நழுவினார்கள். ஆனால் ஆன்லைனில் எவனோ ஒருத்தன் விடாமல் விலையை ஏற்றி, அந்த நீலப் படகைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

"வாங்கினவன்கிட்ட குழாய் விஷயத்தச் சொல்லிரலாம்ணே," என்றார் கூட்டாளி. "வேகம் எடுத்தா பிடுங்கிக்கும்."

"என் வாயில மண்ணப் போட்டவனுக்கு நான் எதுக்குச் சொல்லணும்? நடுக்கடல்ல தெரிஞ்சுக்கட்டும்."

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், மகள் வந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"செருப்பைக் கழட்டாதீங்கப்பா, கரைக்குப் போகலாம். உங்க மாப்பிள்ளை கடல்வழியா வந்துட்டிருக்கார். உங்களுக்கு ஒரு பரிசு."

"என்ன பரிசு?"

"நீலப் படகு. ஏலத்துக்கு முந்தின நாள் அவரும் அங்க வந்து தள்ளி நின்னு பார்த்தாராம். நீங்க அந்த என்ஜின் பக்கத்துலயே ரொம்ப நேரம் குனிஞ்சு கிடந்தீங்களாமே. மாமாவுக்கு இதுமேல உசிருன்னு அப்பவே முடிவு பண்ணிட்டார்."

"அதுலயா வர்றார்? எப்பக் கிளம்பினார்?" என்றார் தரகர்.

"உள்ள கொஞ்சம் தண்ணி நின்னுச்சாம். இறைச்சு ஊத்திட்டுக் காலையிலயே கிளம்பிட்டார். மத்தியானமே வந்திருக்கணும்ப்பா."