கைமாறிய கண்

“உன் கைன்னு நெனச்சுத்தான்க்கா—”

“பேசாதடி! என் கை உனக்குத் தெரியாது?”

“இருட்டுல நீட்டினா எப்படி—”

“நமக்கு என்னிக்குடி வெளிச்சம்? பொறக்கும்போதே கிழவிங்க நாம. நம்ம கையில சுருக்கம் இல்லாத இடம் எது? அவன் கை வழவழன்னு இருந்திருக்குமே!”

மூத்தவளின் அதட்டலில் இரண்டாமவள் தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டாள்.

மூன்று சகோதரிகளுக்கும் ஒரே கண். கழற்றி அடுத்தவள் உள்ளங்கையில் வைக்க வேண்டும். வைக்கும் அந்த நொடி மூவருக்குமே பார்வை கிடையாது.

அந்த நொடியில்தான் யாரோ ஒருவன் கையை நீட்டினான்.

வாங்கிக்கொண்டான்.

அவர்களைப் பிரிந்து வாழும் தங்கை மெதூசா தூங்குகிற குகைக்கு வழி சொன்னால் திருப்பித் தருகிறேன் என்றான்.

இரண்டாமவள் சொன்னாள்.

இப்போது கண் மூத்தவளிடம். மேற்கே போகிறவனின் இடுப்பில் வாள் மின்னுவது அவளுக்குத் தெரிந்தது.

“தப்பான வழியைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி. நம்ம தங்கச்சி கழுத்து அது!”

“தங்கச்சியாம் தங்கச்சி! அவளுக்கு ரெண்டு கண்ணு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நம்மளை எட்டிப் பாத்தாளா?”

“அவ முகத்தைப் பாத்தவங்க கல்லாயிடுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? வந்தா. முக்காடு போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தா. அக்காங்களோட இருந்துட்டுப் போறேன்னு அழுதா. நான்தான் போயிடுன்னு சொல்லி அனுப்பினேன். உங்களைக் காப்பாத்தத்தான்.”

“வந்தாளா?”

கீழே அலை ஒன்று பாறையில் மோதித் திரும்பியது.

“அன்னிக்குக் கண்ணு யார்கிட்ட இருந்துச்சு?”

“என்கிட்டத்தான்.”

“அப்போ நாங்க ரெண்டு பேரும் குருடு. எங்களை அவ எப்படிக்கா கல்லாக்குவா?”

மூத்தவள் மேற்கே போகிறவனையே பார்த்தாள்.

மூலையில் அதுவரை விசும்பிக்கொண்டிருந்த மூன்றாமவளின் அழுகை நின்றுபோனது.

இரண்டாமவள் தடவித் தடவி வந்து அக்காவின் முகத்தைத் தொட்டாள். இமை அகலத் திறந்திருந்தது. உதடுகள் ஒட்டியிருந்தன.

காற்று மேற்கு நோக்கித்தான் வீசிக்கொண்டிருந்தது.

“உன் குரல் அவளுக்குக் கேக்கும். கத்தப் போறியா, இல்ல பாத்துக்கிட்டே இருக்கப் போறியா?”