புகாரே வராத அலுவலகம்

"பூஜ்யம்!" என்றாள் நாடின், பெருமை பொங்க.

மூன்று வருடங்களாக ஒரு புகார்கூட வரவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் இப்படி மார்தட்டிக்கொள்ள முடியும்?

மருந்துச் சோதனை, மற்ற ஆய்வுகள் என்று தங்கள் உடம்பைக் கொடுக்க முன்வருகிறவர்களைப் பாதுகாப்பதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலகம். நாடின்தான் அதற்கு இயக்குநர். திங்கட்கிழமை அங்கீகாரக் குழு வருகிறது. அங்கீகாரம் கைநழுவினால் அவள் நாற்காலியும் கைநழுவும் என்று டீன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். டீன் சிரித்தால்தான் பயப்பட வேண்டும்.

அதனால் ஒரு வாரமாக ஒத்திகை. உதவியாளன் கோரிதான் குழுவின் தலைவராக நடித்து அவளைக் குடைந்துகொண்டிருந்தான். டோனட்டைக் கடித்தபடியே யோசித்தான்.

"புகார் சொல்றதுக்குன்னு ஒப்புதல் படிவத்துல ஒரு நம்பர் போட்டிருக்கோமே, அதுக்கு ஒரு தடவை அடிச்சுப் பார்த்துடலாமா?"

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? கல்யாண மோதிரத்தையே உரசிப் பார்த்தவன்தானே நீ!"

சொன்னாளே தவிர, ஸ்பீக்கரில் போட்டு அடித்தாள். அலுவலகத்தில் எந்தப் போனும் மணி அடிக்கவில்லை.

"வெண்டல் டயர் கடை" என்றது கரகரத்த ஒரு குரல்.

"ஹலோ..." என்று இழுத்தாள் நாடின்.

"பேசும்மா. யுனிவர்சிட்டி விஷயமா? தூக்க மாத்திரையா, முட்டி ஊசியா?"

"இல்ல... நான்..."

"பதறாதே. முதல்ல உட்காரு. பக்கத்துல யாராவது இருக்காங்களா? மயக்கமா வந்தா மாத்திரை டப்பாவைக் கையில எடுத்துக்கிட்டு நேரா எமர்ஜென்சிக்குப் போ. வண்டி இல்லன்னா சொல்லு, நான் வர்றேன். வேணாம்னு தோணினா எப்ப வேணா விலகிக்கலாம்மா. ஒரு பய கேள்வி கேட்க முடியாது. அவங்க பேப்பர்லயே அப்படித்தான் போட்டிருக்காம்."

கோரி கணினியில் அவசர அவசரமாகத் தேடினான். முகம் வெளிறிவிட்டது.

"மூணு வருஷம் முன்னாடி புதுக் கட்டடத்துக்கு வந்தப்போ நம்ம நம்பர் மாறிடுச்சு, நாடின். படிவத்துல மாத்தவே இல்ல. பழைய நம்பரை இவருக்குக் கொடுத்துட்டாங்க" என்று கிசுகிசுத்தான்.

நாடின் போன் பக்கம் குனிந்தாள். "சார், நான் அந்த யுனிவர்சிட்டிலேர்ந்துதான் பேசறேன்."

"அடேயப்பா! அங்க ஆள்கூட இருக்கீங்களா? நான் எத்தனை தடவை கூப்பிட்டேன்! பாட்டைப் போட்டு விட்டுட்டுப் போயிடறீங்க. பாட்டு என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு."

"ராங் நம்பர்னு சொல்லிட்டு போனை வெச்சிருக்கலாமே சார்?"

"சொன்னேனே. முதல்ல கூப்பிட்ட அம்மா, 'ராங் நம்பரா இருந்தா என்ன, ஒரு நிமிஷம் கேளுங்களேன்'னு அழுதாங்க. அதுக்கப்புறம் எங்கேர்ந்து வைக்கிறது? சரி, கஸ்டமர் வந்துட்டார். பனிக்காலம் பாருங்க, எல்லாருக்கும் பனியில வழுக்காத டயர் இன்னிக்கே மாத்தணும்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"படிவத்தை இப்பவே திருத்திடறேன். நாம வாயைத் திறக்கலன்னா பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் கோரி.

நாடினுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை குழு வந்தது. தலைவியாக வந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்:

"ஆய்வுல சேர்ந்தவங்களோட புகார்களை இங்க யார் கவனிக்கிறாங்க?"

கோரி கண்ணாலேயே கெஞ்சினான். மூலையில் உட்கார்ந்திருந்த டீன் சிரித்தார்.

"மூணு வருஷமா வெண்டல்னு ஒருத்தர்தான் கவனிச்சுக்கிட்டு இருந்திருக்கார்" என்று ஆரம்பித்து, நாடின் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

டீனின் சிரிப்பு காணாமல் போயிருந்தது. யாரும் எதுவும் எழுதவில்லை.

"டயர் கடைக்காரரா? இந்த வேலைக்கு அவருக்கு என்ன தகுதி?" என்றார் தலைவி.

"கூப்பிட்டா போனை எடுப்பார்" என்றாள் நாடின்.