ஒப்பீட்டு வீடு

பலன் உண்டா என்று பார்க்க அரசு கொடுத்த சர்க்கரை மருந்துப் பெட்டி குலுக்கலில் ஓரகத்தி மிருதுளாவுக்கு விழுந்தது. ஒட்டுச்சுவருக்கு இந்தப்புறம் அதே சர்க்கரை நோயுள்ள ஹரிணியின் வீடு, மருந்தில்லாமல் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒப்பீட்டு வீடானது. அங்கே மருந்து கிடையாது, கையில் சர்க்கரை அளவு காட்டும் பட்டை மட்டும்.

“அக்கா, எனக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு” என்று மிருதுளா சொல்லும்போதெல்லாம் ஹரிணிக்கு வயிறு எரிந்தது. யாருக்கும் தெரியாமல் சோற்றைக் குறைத்தாள். மொட்டைமாடியில் மூச்சிரைக்க நடந்தாள்.

ஆண்டு முடிவில் அரசு மதிப்பீட்டாளர் ஹரிணி வீட்டுக்கு வந்தார். மிருதுளாவும் கூடவே வந்தாள்.

“ரெண்டு வீட்டு அளவும் ஒண்ணாத்தான் இருக்கு. மருந்தால பலன் இல்லைன்னு பெட்டியை எடுத்துடுவோம். நீங்க தனியா ஏதாவது செஞ்சீங்களாம்மா?”

சொல்லிவிடலாம் என்றுதான் ஹரிணி வாயெடுத்தாள்.

“அக்காவா? பாயசத்தைக் கண்டா விடமாட்டாங்களே சார்” என்று சிரித்தாள் மிருதுளா.

“ஆமா சார்” என்றாள் ஹரிணி. “நான் ஒண்ணுமே செய்யல.”